நாடு அ, நாடு ஆ, ஓர் அடுப்பு

உலகத்தில் எந்த மூலையில் சண்டை வந்தாலும், வந்து முடிந்த பிறகு, அது ஏன் வந்தது என்று அடித்துச் சொல்லிவிடக்கூடிய நிறுவனம் ஒன்று அந்தத் தெருவில் இருந்தது. பெயர், பன்னாட்டு உறவுகள் உயராய்வு நிறுவனம். சண்டை வருவதற்கு முன்னால் அது ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. அதை யாராவது குறையாகச் சொன்னால், நடக்கப்போவதைச் சொல்வது ஜோசியம், நடந்து முடிந்ததைச் சொல்வதுதான் அறிவியல் என்று இயக்குநர் விளக்குவார்.

கட்டடத்தின் தரைத்தளத்தில் யதார்த்தவாதிகள் இருந்தார்கள். நாடுகள் ஒன்றையொன்று விழுங்கத்தான் பார்க்கும், மேலே தட்டிக்கேட்க ஆளில்லை, பலம் ஒன்றுதான் பேசும் என்பது அவர்கள் கட்சி. அந்தத் தளத்தில் சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு உண்டு. முதல் மாடியில் தாராளவாதிகள். வியாபாரமும் ஒப்பந்தமும் பொது அமைப்புகளும் இருந்தால் நாடுகள் கூடி வாழும் என்பது இவர்கள் கட்சி. இவர்களுடைய சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு கிடையாது, மேற்பார்வைக் குழுதான் உண்டு. குழு கூடுவதே இல்லை என்பதால் டப்பாவில் சர்க்கரையும் கிடையாது. இரண்டாம் மாடியில் ஆக்கவாதிகள். பகையும் நட்பும் வானத்திலிருந்து விழுவதில்லை, ஒருவரையொருவர் எப்படி நினைக்கிறோமோ அப்படியே ஆகிறோம் என்பார்கள். லிஃப்ட் பழுதாகி வெகுகாலம் ஆகியிருந்தது. அது பழுது என்று எல்லோரும் நினைப்பதுதான் பழுதுக்குக் காரணம் என்று அவர்கள் புத்தகமே போட்டிருந்தார்கள். பின்பக்கம் ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு மார்க்சியர் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில், உலக அரசியலில் பெண்கள் எங்கே என்று கேட்கிற அம்மையார் ஒருவர் இருந்தார். கருத்தரங்கு என்றால் எல்லோரும் அவரைத் தேடிப் போய், டீக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்பார்கள்.

இந்த நிறுவனத்துக்கு நேரெதிரே ஒட்டியொட்டி இரண்டு கடைகள். ஒன்று அண்ணனுடைய ரொட்டிக் கடை, மற்றது தங்கையின் பிஸ்கெட் கடை. தெருவுக்கு அவர்கள் ரொட்டியண்ணன், பிஸ்கெட் அக்கா. கடைகள்தான் இரண்டு, பின்பக்கம் அடுப்பு ஒன்றுதான். அவர்களுடைய அப்பா தன் கையால் கட்டிய செங்கல் அடுப்பு அது. ஓர் ஆள் உள்ளே தாராளமாகப் படுக்கலாம்.

விடியற்காலையில் அண்ணன் விறகைப் போட்டு அடுப்பைப் பழுக்கக் காய்ச்சி, தணலை வாரிவிட்டு, ரொட்டி மாவை உள்ளே தள்ளுவார். ரொட்டி வெந்து வெளியே வரும்போது அடுப்பின் முரட்டுச் சூடு அடங்கியிருக்கும். அந்தச் சூட்டில் தங்கை பன் சுடுவாள். பன்னும் வெளியே வந்தபின் மிஞ்சுகிற இளஞ்சூட்டில் பிஸ்கெட். அவர் ரொட்டி சுடாவிட்டால் அவளுக்குச் சூடு இல்லை. வேலை முடிந்து அவள் அடுப்பு வாயை இறுக மூடி வைக்காவிட்டால் மறுநாள் அவருக்கு இரண்டு மடங்கு விறகு. இதற்கெல்லாம் அவர்களிடம் கோட்பாடு எதுவும் இல்லை. நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் பிஸ்கெட் அக்கா அடுப்பு வாயை மூட மறந்துவிட்டாள். அவளுடைய கணவர், பஸ் கண்டக்டர், படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார் என்று ஆள் வந்து சொல்ல, போட்டது போட்டபடி ஓடியிருந்தாள். மறுநாள் அடுப்பு சில்லென்று கிடந்தது. ரொட்டி தாமதமானது. கடை வாசலில் வாடிக்கையாளர்கள் முணுமுணுக்க, அந்த எரிச்சலில் அண்ணன் அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

"அப்பா இருந்திருந்தா உன்னை அடுப்புப் பக்கமே விட்டிருக்க மாட்டாரு."

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, அந்த அடுப்புக்கு முன்னால் அவருக்குக் கையாக இருந்தவள் அவள். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. இதற்கு முன்னாலும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு நாளில் அண்ணன் வந்து கதவில் சாய்ந்துகொண்டு, டீ இருக்கா என்று கேட்பார். அவள் டீ போடுவாள். அதோடு முடியும்.

இந்தத் தடவை அண்ணன் வருவதற்கு முன்னால் தாராளவாதி வந்துவிட்டார்.

நல்ல மனிதர். மெல்லிய குரல், மூக்குநுனியில் கண்ணாடி. வருஷக்கணக்காக அவளிடம் பிஸ்கெட் வாங்குகிறவர், வாங்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர். படித்த மனிதர் ஒருவர் தன் பதிலைக் காதுகொடுத்துக் கேட்பது அவளுக்கு எப்போதுமே பெருமையாக இருக்கும். அன்றும் கேட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். நானும் ஒரு வார்த்தை சொல்லிடுவேன். மூட மறந்தது என் தப்புதானே."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சமாதானம் செய்துவைப்பதுதான் தங்கள் தொழிலே, எல்லாவற்றையும் தன்னிடம் விட்டுவிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அவளாகப் போய் அண்ணனிடம் பேசிவிடக் கூடாது. ஏற்பாடு இல்லாத நேரடிப் பேச்சு மிகவும் ஆபத்தானதாம். அப்படிப் பேசப் போய்த்தான் எத்தனையோ போர்கள் மூண்டிருக்கின்றனவாம். அவள் பயந்துபோய்ச் சரி என்றாள்.

நிறுவனத்துக்கு அப்போது உண்மையான சண்டை ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. எந்த நாடும் அதனிடம் வந்து யோசனை கேட்பதில்லை. இயக்குநர் அவளைத் தன் அறைக்கே அழைத்து, உட்கார வைத்து, இனிமேல் அவள் பிஸ்கெட் அக்கா அல்ல, 'நாடு அ' என்று அறிவித்தார். பிறகு நிறுவனத்தின் உயிர்மூச்சான வழக்கம் ஒன்றை எடுத்துச் சொன்னார்.

"இந்தக் கட்டடத்துலேருந்து ஒரு வரி ஆலோசனை வெளியே போகணும்னாலும், பேர் தெரியாத ஒரு நிபுணர் அதைப் படிச்சு ஒப்புதல் குடுக்கணும். எழுதினது யாருன்னு படிக்கிறவருக்குத் தெரியாது. படிச்சது யாருன்னு எழுதினவருக்குத் தெரியாது. யாருக்காக எழுதினதுன்னு யாருக்குமே தெரியாது. நேர்மைன்னா அதுதாம்மா."

கடையில் எடைக்கல்லை எல்லோரும் பார்க்கும்படி வைப்பதுதான் நேர்மை என்று அதுவரை நினைத்திருந்தவளுக்கு இது புதிதாக இருந்தது. இவ்வளவு நேர்மையானவர்களா என்று அசந்துபோய் வீடு திரும்பினாள். வரும்போது, தரைத்தளத்து யதார்த்தவாதி அண்ணன் கடையில் நின்று ரொட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். மறுநாள் தாராளவாதியிடம் அதைப் பற்றிக் கேட்டாள். அவர் சிரித்தார். தங்கள் துறைக்கும் அந்தத் துறைக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது, அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

முதலில் ஒப்பந்தம் வந்தது. அடுப்புக் கூட்டாணையம் ஒன்று அமைப்பது, அதற்குச் சுழற்சி முறையில் தலைவர், தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர். மொத்தமே இரண்டு பேர் என்பதால் எந்நேரமும் இருவரும் பதவியில் இருப்பார்கள். அடுப்பு வாயை மூடும் பொறுப்பை அவளே ஏற்பதாக ஒரு விட்டுக்கொடுப்பு. ஆனால் அதை உடனே சொல்லிவிடாமல் கடைசி வரை கையில் வைத்திருக்க வேண்டும் என்று தாராளவாதி சொல்லிக்கொடுத்தார். அந்த யோசனை பேர் தெரியாத நிபுணரின் மதிப்பீட்டுக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள் அண்ணன் விறகுக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அவள் எப்படியும் இறங்கி வருவாள், அதுவரை அசையக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்த மாதிரி இருந்தது.

கொட்டகைப் பூட்டைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. கொட்டகையைப் பூட்டியவர் நாளைக்கு எதைப் பூட்டமாட்டார்? மாவு அறைக்கு அவள் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டாள். தற்காப்புக்குத்தான். அதைப் பார்த்து அவர் விறகைக் கூரை உயரத்துக்கு வாங்கி அடுக்கினார். அதுவும் தற்காப்புக்குத்தான். வாழ்நாளில் விறகே வாங்கியிராத அவள், அதைப் பார்த்து, தன் பங்குக்கு ஒரு வண்டி விறகு வாங்கி பிஸ்கெட் டின்களுக்கு மேல் அடுக்கினாள். ஒருவர் தற்காப்புக்குச் செய்வது மற்றவருக்கு மிரட்டலாகத் தெரிவதற்குப் பாதுகாப்புச் சிக்கல் என்று பெயராம். தரைத்தளத்துக்காரர்கள் கூட்டமாக வந்து இரண்டு விறகுக் குவியலையும் ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு தெருவே இரண்டாகப் பிரிந்தது. டீக்கடைக்காரர் அண்ணன் பக்கம். முடிதிருத்துபவர் இவள் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்கள் முடி வெட்டிக்கொள்ளாமலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் டீ குடிக்காமலும் சிரமப்பட்டார்கள். தையல்காரர் மட்டும் தான் எந்த அணியிலும் இல்லை என்றார். இரண்டு அணியும் அவரிடம் துணி கொடுப்பதை நிறுத்தின. தெரு இருதுருவ நிலையை அடைந்துவிட்டது என்றும், இது மிகவும் நிலையான ஏற்பாடு என்றும் நிறுவனம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டது.

ஆக்கவாதியும் ஒருநாள் வந்தார். வந்து உட்கார்ந்து, பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணன்னு ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அண்ணன் சார் அவரு. எனக்கு முன்னாடி பிறந்தவரு."

"பிறந்தது சரி. அதுக்கு அண்ணன்னு அர்த்தம் குடுத்தது நீங்கதானே. வேற அர்த்தமும் குடுத்திருக்கலாம் இல்லையா?"

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் அதையே யோசித்தாள். காய்ச்சலில் கிடந்தபோது தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஆளுக்கு வேறு என்ன அர்த்தம் கொடுத்திருக்கலாம் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து, அண்ணன் என்று மனசுக்குள் சொல்லும்போதெல்லாம் நாக்கில் சின்னதாக ஒரு தயக்கம் ஒட்டிக்கொண்டது. மார்க்சியர் வந்து, அடுப்பு யாருடையது என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருடையதும் என்றாள். அப்படியானால் உங்களை நீங்களே சுரண்டிக்கொள்கிறீர்கள் என்று வருத்தப்பட்டு, ஒரு பன்னைத் தின்றுவிட்டு, மிச்சத்தை வரலாறு பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் போனார். மாடிப்படி அறை அம்மையார் ஒருவர்தான், உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டார். அண்ணன் பேசினால் போதும் என்றாள் இவள். அம்மையாருக்குக் கண் கலங்கியது. இதை இன்றைக்கே எழுதுகிறேன் என்று எழுந்தார். அதற்குள் மேலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டீ கப்புகள் போதவில்லையாம்.

இதற்கிடையில் ஒன்று மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் எதை யோசித்தாலும் அது அண்ணனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பன்னை வெளியூர் அடுப்பில் சுடலாமா என்று தாராளவாதியோடு மூடிய அறையில் பேசினாள். மறுநாளே அந்த வெளியூர் அடுப்புக்காரரோடு அண்ணன் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். நானே போய் அண்ணனிடம் பேசிவிடலாமா என்று ஒருநாள் தாராளவாதியிடம் அழுதாள். அந்த வாரம் அண்ணன், அழுகையை நம்பாதே என்று யாரோ சொல்லிக்கொடுத்தவர் மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். யார் போய்ச் சொல்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவள், தாராளவாதி, வீட்டுக்காரர். தாராளவாதியைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பவர் ஒருவர்தான்.

கண்டக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள். அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் பஸ்ல டிக்கெட் குடுக்கிறவன். உங்க அடுப்பு ரகசியத்தை எந்த ஸ்டாப்ல இறக்கிவிடுவேன்னு நினைக்கிறே?"

அவருடைய குரல் இறங்கியது.

"உங்க அண்ணன்தானே. பக்கத்துக் கடைதானே. போய் அண்ணேன்னு கூப்பிட்டா என்ன?"

"அவரோட நோக்கத்தை நம்மால சரிபார்க்க முடியாதுங்க."

கண்டக்டர் பாதிச் சோற்றோடு எழுந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்துவிட்டு, அன்றிலிருந்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். மற்றப் பேச்சும் குறைந்துபோனது. இவரும் போய்விட்டால் தனக்கு யார் மிஞ்சுவார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தாராளவாதி இருக்கிறார் என்று தேற்றிக்கொண்டாள்.

கடைசியில் நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக மூன்று தளங்களும் ஒரே முடிவுக்கு வந்தன. சம பலம் இருந்தால் யாரும் யாரையும் தொடமாட்டார்கள் என்றது தரைத்தளம். எல்லை தெளிவாக இருந்தால் ஒப்பந்தம் நிலைக்கும் என்றது முதல் மாடி. அடையாளங்களுக்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டும் என்றது இரண்டாம் மாடி. ஆகவே அடுப்புக்கு நடுவில் ஒரு சுவர்.

அடுப்பை நடுவில் பிரித்தால் சூடு பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அடுப்பு கட்டிய அப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் தனக்குக் கிடைக்காத சூடு அண்ணனுக்கும் கிடைக்காது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு எவ்வளவு கிடைத்தது என்பது முக்கியமல்ல, எதிராளிக்கு என்னைவிடக் கூடுதலாகக் கிடைக்காமல் இருந்தால் சரி, இதற்கு ஒப்பீட்டு ஆதாயம் என்று பெயர் என்று இயக்குநர் பாராட்டினார். நீங்கள் கோட்பாட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்றார். அவள் சம்மதித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் இதே பாராட்டு நடந்திருக்க வேண்டும், அண்ணனும் சம்மதித்திருந்தார்.

கொத்தனார் வந்து அடுப்புக்குள் தவழ்ந்துபோய்ச் சுவர் எழுப்பினார். முடித்துவிட்டு வெளியே வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கரணையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். மறுநாள் அண்ணனுடைய பாதியில் புகை சுழன்று சுழன்று அவர் முகத்துக்கே வந்தது. ரொட்டி ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. இவளுடைய பாதியில் பிஸ்கெட் நனைந்த அட்டையாக வெளியே வந்தது. அவள் தாராளவாதியிடம் ஓடினாள்.

"ஒப்பந்தம் ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா. பாருங்க, மோதலே இல்ல."

"ரொட்டியும் இல்லையே சார்."

"அது பொருளாதாரம். அதுக்கு வேற நிறுவனம் இருக்கு."

கொஞ்ச நாளில் இரண்டு கடையும் பூட்டிக் கிடந்தன. தெரு அமைதியாக இருந்தது. இந்த அமைதியைக் கொண்டாட நிறுவனம் ஒரு மாநாடு கூட்டியது. தலைப்பு, 'அடுப்பு நெருக்கடி: கோட்பாடுகளின் வெற்றி'. பிஸ்கெட் அக்காவுக்கும் ரொட்டியண்ணனுக்கும் மேடையில் இரண்டு ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இவளுக்கு முன்னால் 'அ' என்று அட்டை, அவருக்கு முன்னால் 'ஆ'. இருவரும் நேராகச் சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சபையில் எல்லோர் கையிலும் வேறு ஏதோ பேக்கரியின் பிஸ்கெட் இருந்தது.

முதலில் யதார்த்தவாதி எழுந்தார்.

"இந்த ஆய்வுல எங்க நிறுவனத்தோட மதிப்பீட்டு முறைதான் கதாநாயகன். அடுப்பு பத்தி இங்க விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான், நானும் முதல் மாடி நண்பரும். அதனால அ தரப்புக்கு எழுதின ஒவ்வொரு ஆலோசனையும் மதிப்பீட்டுக்கு என் மேஜைக்குத்தான் வந்தது. பேரை மறைச்சிருந்தாங்க. அது யாரோட திட்டம்னு எனக்குத் தெரியாது. தெரியாததால அதை என் தரப்பான ஆ-கிட்ட சொல்றதுல விதிப்படி எந்தத் தடையும் இல்ல. ஆரம்பத்துலயே ஒண்ணு வந்தது, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா போதும், நானும் சொல்லிடுவேன்னு. எதிராளி இறங்கி வர்ற மாதிரி நடிச்சா அது பொறி. நிராகரிச்சேன்."

கைதட்டல் எழுந்தது. பிஸ்கெட் அக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. மூடிய அறையில் அவள் அழுத அழுகை, பெயர் மறைக்கப்பட்டு, மாடிப்படி இறங்கி, சாலையைக் கடந்து அண்ணன் கடைக்குப் போயிருக்கிறது. இதற்காகவா வீட்டுக்காரரைச் சோற்றுத்தட்டோடு எழுப்பினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தாராளவாதியின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் இது இப்போதுதான் தெரிந்திருக்கும், பாவம், அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"நண்பர் சொன்னதையே என் பக்கத்துலேருந்தும் சொல்லணும். ஆ தரப்பு ஆலோசனைகளுக்கு நான்தான் மதிப்பீட்டாளர். முதல் வாரமே ஒண்ணு வந்தது. 'நான் பேசினது தப்பு, தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க, நானே வந்து டீ குடிக்கிறேன்'னு. நல்ல எண்ணம்தான், இல்லேங்கல. ஆனா வெறும் வாய்வார்த்தை. சரிபார்க்க ஏற்பாடு இல்ல, கண்காணிக்கக் குழு இல்ல, ஒரு மேற்கோள்கூட இல்ல. திருத்தி எழுதித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவங்க திருத்தவே இல்ல."

சபை மெல்லச் சிரித்தது. இப்படி அரைகுறையாக எழுதித் தருகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருந்தார்கள்.

பிஸ்கெட் அக்கா எழுந்து நின்றாள். அவளுக்குப் பேச்சு நேரம் ஒதுக்கப்படவில்லை.

"சார், அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

தாராளவாதி திரும்பி, கடையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் அதே குரலில், அன்பாகச் சொன்னார்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமேம்மா."

சபை முழுக்கத் தலையாட்டியது. இயக்குநர்கூட, அதுதானே என்பதுபோல் அவளைப் பார்த்தார். அந்த அறையில் அது ஒரு பதில் இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், ஒருவர் 'அ' அட்டைக்குப் பின்னாலும் ஒருவர் 'ஆ' அட்டைக்குப் பின்னாலும் இருந்தார்கள்.

அவளுக்குத் தரைத்தளத்துக்காரர் மேல் கோபம்கூட வரவில்லை. அவர் திருடன் மாதிரி வந்தார், திருடினார். இந்த மனிதர் அப்படியில்லை. வருஷக்கணக்காக அவள் கையால் வாங்கித் தின்றவர். அவள் அழுதபோது எழுந்து தண்ணீர் கொடுத்தவர். தண்ணீர் கொடுத்த அந்த மேஜையின் இழுப்பறையில் அண்ணனுடைய மன்னிப்பு கிடந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த அண்ணனை விட்டுவிட்டு இவரை நம்பினோமே என்று அவளுக்கு மனசு விண்டுபோனது. பிறகு இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

வெளியே, நிறுவனத்தின் வாசற்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். புகை பட்டுப் பட்டுக் கண் சிவந்துகிடந்தது. அவளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"நான் சொல்லச் சொன்னேம்மா. உன்கிட்ட வந்திருக்கும்னு நினைச்சேன். நீ பதிலே சொல்லலியா, சரி, உனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கலை போலன்னு..."

"நானும் சொல்லச் சொன்னேன்ணே."

தெருவென்றும் பாராமல் அவள் அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். வெகுநாளாக நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த தயக்கம் இல்லாமல் அண்ணே என்று சொல்ல முடிந்ததே அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

நாளைக் காலையிலேயே சுவரை இடித்துவிடலாம் என்றார் அண்ணன். இடித்துவிடலாம் என்றாள் அவள். உன் பக்கத்திலிருந்து நீ இடி, என் பக்கத்திலிருந்து நான் இடிக்கிறேன், சீக்கிரம் முடியும் என்றார். சரி என்றாள். சாலையைக் கடந்தார்கள். பாதிச் சாலையில் அவள் கேட்டாள்.

"யாருண்ணே முதல்ல ஆரம்பிக்கிறது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அண்ணனுடைய நடை லேசாகத் தயங்கியது.

"யாரு ஆரம்பிச்சா என்ன. நீயே ஆரம்பியேன்."

"ஏன், நீங்க ஆரம்பிக்கலாமே."

"ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிப்போம்."

அதுதான் நியாயம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அவள் கடப்பாரையோடு அடுப்பின் தன் பாதிக்குள் குனிந்து நுழைந்தாள். பழைய கரி வாசனை அடித்தது. கையை ஓங்கியவள், அப்படியே நிறுத்தினாள். தான் இடித்த பிறகு அவர் தன் பக்கம் இடிக்காவிட்டால்? இடிக்க வந்தவர்தானா, அல்லது நான் இடிப்பேனா என்று பார்க்க வந்தவரா? ச்சீ, அண்ணனைப் போய் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். அவர் நேற்று அழுதது உண்மை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் கை இறங்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. கடப்பாரை கல்லில் லேசாகப் பட்டது. அண்ணன் வந்துவிட்டார். ஒரே ஒரு செங்கல் தடிமனுக்கு அப்பால் அவர் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டது. முதல் அடி விழட்டும், விழுந்த மறுநொடி இடித்துத் தள்ளிவிடுகிறேன் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கமும் சத்தமில்லை.